வர்க்கி அடுப்பில் கொஞ்சம் டர்னிப்

டர்னிப்பின் தோல் கத்திக்கு அடங்கி நீளமாகச் சுருண்டு வந்தது, அதுவே கோகிலாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, நடுவில் அறுந்துபோகாமல் ஒரே சீவலாக வந்தால் நினைத்தது நடக்கும் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள், அறுந்துபோனால் அது கணக்கில் சேராது என்றும் அவளேதான் வைத்துக்கொண்டாள், அதனால் இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பேக்கரியின் பின்கட்டில், வர்க்கி அடுப்பின் வாய்க்குப் பக்கத்தில், மைதா மூட்டை ஒன்று சும்மா கிடந்தும் அதன்மேல் உட்காராமல் குத்தவைத்திருந்தாள், யாராவது வந்துவிட்டால் சட்டென்று எழுந்து ஓரமாக நிற்க அதுதான் வசதி. யாரும் வரமாட்டார்கள். கடைசி ஈடு வர்க்கி பிஸ்கட்டை இறக்கிவிட்டு ஆளுகள் எல்லாம் டீக்குப் போயிருக்கிறார்கள், அவள் புருஷன் மாதேஷும் போயிருக்கிறான், போகும்போது அவள் காதோரமாக, "சாயங்காலம் அடுத்த ஈடு போடற வரைக்கும் அடுப்பு உன்னுது, புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனான், என்னமோ நிலத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. அடுப்பு உன்னுது. அவள் வாய்க்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சீசன் வந்துவிட்டால் ஊட்டியில் வர்க்கி அடுப்பு தூங்குவதே இல்லை, ஈடு மேல் ஈடு, இன்றைக்குத்தான் மாவு புளிக்க நேரமாகி நடுவில் ஒரு இடைவெளி கிடைத்திருக்கிறது. காய் மேலே கத்திரிப்பூ நிறம், கீழே வெள்ளை, கைக்குள் குளுகுளுவென்று உட்காருகிறது. கல்யாணமாகிச் சத்தியமங்கலத்திலிருந்து மலை ஏறி வந்த புதிதில் இதைச் சந்தையில் பார்த்துவிட்டு, முள்ளங்கிதான் இந்த ஊரில் மாசமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள், மாதேஷிடம் கேட்கவும் கூச்சம், நாலு நாள் கழித்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தவளை என்ன என்ன என்று அவன் குடைந்து கேட்டபோது சொல்லிவிட்டாள், அவன் அதைக் கடை முழுக்கச் சொல்லி, அப்புறம் ஒரு மாசம் அவள் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது பார், அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து, சமைக்கிறாள். தொட்டுக்கத்தான். சோறும் ரசமும் வீட்டில் தயாராக இருக்கிறது, இது தொட்டுக்க. ஆனால் சோற்றையும் ரசத்தையும் பற்றி இன்றைக்கு யாருக்கு என்ன கவலை, எல்லாம் இந்தத் தொட்டுக்கையில்தான் நிற்கிறது, மகள் பாப்பு இதில் ஒரு வாய் முழுங்கிவிட்டால் நங்கையா நாளைக் காலையில் தனியாகப் பஸ் ஏறிவிடும், முழுங்காவிட்டால் பாப்புவும் கூடப் போகிறாள்.

நங்கையா என்றால் மாதேஷின் அக்கா, சாரதாமணி, நாலு பிள்ளை வளர்த்தது, வந்ததிலிருந்து அதைத்தான் சொல்கிறது, நாலு, நாலு. கெட்டதில்லை. கோகிலா அதை மனசுக்குள்ளேயும் ஒருபோதும் கெட்டது என்று சொல்லிக்கொண்டதில்லை, வந்த அன்றைக்கே வீட்டுத் துணியெல்லாம் அலசிப் போட்டு, அடைத்திருந்த சாக்கடையைக் குச்சி விட்டுக் குத்தி, பாப்புவுக்கு எண்ணெய் தேய்த்து, எல்லாம் நல்லதுதான், வாய்தான் கொஞ்சம். "வருசம் திரும்பிருச்சு, பல்லு மொளச்சிருச்சு, அந்தப் பல்லை வெச்சு என்ன பண்றா உன்ற மக? உன்னையக் கடிக்கறா. நல்லாருக்குது போ." கோகிலா சிரித்தாள், என்ன சொல்வது, கடிக்கத்தான் செய்கிறாள், கடித்துவிட்டு மேலே பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு வாய் சோறு இறங்காது. ராகிக்கூழ் துப்பல், பருப்புச்சாதம் துப்பல், இட்லியைப் பிசைந்து வைத்தால் நாக்கால் வெளியே தள்ளி அதை வேடிக்கை பார்ப்பது, வாழைப்பழத்துக்கு ஓங்கரிப்பு, பால்தான், பகலும் இரவும் பால்தான். பால்வாடியில் துணித்தொட்டில் மாதிரி தொங்கும் தராசில் உட்காரவைத்துத் தூக்கினால் முள் போன மாசம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, டீச்சர் அதை விரலால் தட்டிப் பார்க்கிறார், ஒருவேளை தராசுதான் கெட்டுப்போயிருக்குமோ என்று கோகிலாவும் ஆசையாகப் பார்ப்பாள், அடுத்த குழந்தையை வைத்ததும் முள் துள்ளிப் போகும். அதைக் கேள்விப்பட்டுத்தான் நங்கையா வந்திறங்கியது. "பால மறக்கடிச்சாத்தான் சோறு இறங்கும். பத்து நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். கண்ணுல நீ படாம இருந்தீன்னா தானா திம்பா. என்ற மூணாவது அப்படித்தான், அவங்க அம்மிச்சி ஊட்டுல, எங்கம்மாகிட்ட விட்டு மறக்கடிச்சோம், வந்தப்ப என்னையவே யாருன்னு கேட்டான்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தது வேறே. மாதேஷ் தலையைச் சொறிந்தான், "பொறுங்க்கா, பாக்கலாம்" என்றான், அக்காவுக்கு எதிரில் அவன் சொல்லும் பெரிய எதிர்ப்பே அதுதான்.

அந்தப் பூவை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, அடுப்புச் சூடு இல்லை அது. நங்கையா வந்த அன்று பைக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டியது, பிரித்தால் மல்லி, சத்தியமங்கலத்து மல்லி, நெருக்கமாகக் கட்டினது, ஈரத்துணி சுற்றி மலை ஏறி வந்தும் ஒரு மொட்டு விரியவில்லை. இங்கே குளிரில் வரும் பூவுக்கு வாசமே கிடையாது. ஊரே அந்தப் பொட்டலத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது, எனக்கா, எனக்கா வாங்கிட்டு வந்தீங்க என்று கேட்க நினைத்து வழக்கம்போலக் கேட்காமல், உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்து முழுசையும் தலையில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு வந்து நின்றாள். நங்கையா பார்த்தது. பக்கத்து வீட்டு ஜபீனா அக்காவும் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டாள், பேக்கரியில் பாக்கெட் போடுகிறவள். நங்கையா இடுப்பில் கை வைத்து, "அடி கூறுகெட்டவளே, அது தலைக்கில்ல, மாருக்கு! வெச்சுக் கட்டுனா பாலு வத்தும்னு வாங்கிட்டு வந்தேன். இவ என்னன்னா கண்ணாலத்துக்குக் கெளம்புன மாதிரி நிக்கறா" என்றதும் ஜபீனா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள் சிரித்து. கோகிலாவுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் கழற்றவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில், ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினதிலிருந்து, அதற்கு முன்னாலும், எழுந்து நின்று வாசி என்றால் எழுந்து நின்று அழுகிறவள், ஒருத்தர் சொன்னதற்கு மறுத்து ஒன்று செய்ததில்லை, அன்றைக்கு மட்டும் கை பூவுக்குப் போகவே இல்லை. "வெச்சது வெச்சதாவே இருக்கட்டும் நங்கையா" என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, ஞாபகமில்லை, ஜபீனா அக்காதான், "விடுங்க, தலையில இருந்தாலும் இறங்கி வேலை செய்யும்" என்று சொல்லி அதை முடித்தாள். மாதேஷ் ராத்திரி வந்து மோந்து பார்த்துவிட்டு, யார் வாங்கினது என்றான், உங்கக்கா என்றாள், எங்கக்காவா என்றான் கண்ணை விரித்து. எதற்கு என்று சொல்லவில்லை. அதைப் போய் எப்படிச் சொல்வது.

எழுந்தாள், முழங்கால் சொடக்கு விட்டது. விரல் விரலாக நறுக்கின துண்டுகளைத் தட்டில் பரப்பினாள். இந்தத் தட்டு. இந்தத் தட்டைக் கழுவலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து அவளுக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் டர்னிப்பை நறுக்கி வர்க்கித் தட்டில் கொட்டி, உப்பு போட்டு, தண்ணி வடியட்டும் என்று அடுப்புத் திண்டு மேல் வைத்துவிட்டுப் பாப்பு அழுகிறாளே என்று போய்விட்டாள். மாதேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, வரிசையில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடுப்பில் ஏற்றி உள்ளே தள்ளினவன் அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். கை பழகின வேலை, கை பார்ப்பதில்லை. வர்க்கியை இறக்கும்போதுதான், "என்னடா இது, வர்க்கிக்கு நடுவுல வாசம் வேற மாதிரி வருது" என்று பார்த்தால், ஓரமெல்லாம் சிவந்து சுருங்கி, வர்க்கி உதிர்த்த சர்க்கரையும் டால்டாவும் ஒட்டி, மினுமினுவென்று. ஓனர் பாய் ஒரு துண்டை வாயில் போட்டு, "மாதேஷு, புது ஐட்டமா?" என்றாராம். மிச்சத்தை அவன் தட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சிக்குத் தொட்டுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், மடியில் பாப்பு. கோகிலா கதவோரம் நின்றிருந்தாள். பாப்பு கையை விட்டாள் தட்டில். கஞ்சியைத் தாண்டி, ஊறுகாயைத் தாண்டி, ஒரு துண்டை எடுத்தாள், பார்த்தாள், வாயில் வைத்தாள். துப்பப் போகிறாள் என்று கோகிலா கையை நீட்டிக்கொண்டு வந்தாள், துப்பலை ஏந்துவதற்கு, பழக்கம். துப்பவில்லை. அந்தச் சின்னத் தாடை அசைந்தது. இப்படியும் அப்படியும், பக்கத்து வீட்டு ஆடு மாதிரி, ஐயோ, அந்த அசைவு, முன்னால் இரண்டு பல்லும் சேர்ந்து வேலை செய்கிற அந்த அசைவு, தாடையோரம் வழிந்த சாறு, தொண்டையில் ஒரு உருண்டை மாதிரி ஏறி இறங்கினது. முழுங்கிட்டா. அடுத்த துண்டுக்குக் கை போனது. நீட்டின தன் கை நீட்டினபடியே இருந்ததைக் கோகிலா அப்புறம்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாரம் முழுக்கச் செய்யாததில்லை. வேகவைத்தாள், பாப்பு துப்பினாள். வாணலியில் வதக்கினாள், சர்க்கரை தூவினாள், துப்பினாள். நங்கையா வந்த பிறகு அதன் எதிரில் செய்து காட்டினாள், அதற்கு எதிரிலேயே பாப்பு துப்பினாள். "அன்னைக்கித் தின்னாளாமா? கனாக் கண்டிருப்பீங்க ரெண்டு பேரும்" என்றது நங்கையா. இல்லை. கனவில் சாறு வழியாது. அப்படியானால் எது, டர்னிப்பா, டால்டாவா, சர்க்கரையா, கற்பூர மரக் கட்டை எரிந்த புகையா, இல்லை அப்பன் தட்டு என்பதாலா, மடியா, எது. எந்தக் கதவு திறந்து உள்ளே போனது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற பூனை மாதிரி அவள் மனசு அந்த ஞாயிற்றுக்கிழமையையே சுற்றி வந்தது. அதனால்தான் தட்டைக் கழுவவில்லை. பஞ்சாயத்து முடிவு அது. பழைய சர்க்கரை, பழைய டால்டா, அப்படியே. உப்பு அதே கையால் அதே அளவு. மஞ்சள் போடலாம் என்று தோன்றியது, அன்றைக்குப் போடவில்லை, வேண்டாம். இப்போது அடுப்பு. மைதாவில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே கல்லின்மேல் வீசினாள், மாதேஷ் செய்வதைச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தது, வீசினதும் கருகினால் சூடு அதிகம், வெள்ளையாகவே கிடந்தால் அடுப்பு ஓய்ந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். மாவு யோசித்தது. ஓரத்திலிருந்து மெல்ல, பால் பொங்கப் போகிற நேரம் போல, செம்பழுப்பானது. நல்ல சூடு! நல்ல சூடு என்று அடுப்புக்கே சொன்னாள், சத்தமாக, தன் குரல் அந்த இருட்டு வாய்க்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வருவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துடுப்பு அவளைவிட நீளம். தட்டை ஏற்றித் தள்ளும்போது ஒரு பக்கம் சாய்ந்தது, இரண்டு துண்டு கல்லில் விழுந்து சுர்ரென்றது, போகட்டும், அது அடுப்புக்கு.

சூடு முகத்தில் வந்து மோதுகிறது, என்ன சுகம். இந்த மலையில் அவளுக்கு எப்போதும் எங்கேயாவது குளிர்ந்துகொண்டே இருக்கும், மூக்கு நுனி, கால் விரல், இங்கே மட்டும்தான் உடம்பு முழுசும் ஒரே உடம்பாக இருக்கிறது. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், கையை நீட்டிக் கண்ணை மூடி நிற்கிறாள். நங்கையாவிடம் விட்டு வந்த பாப்பு இன்னும் அழவில்லை. வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், நடுவில் ஒரு முற்றம், அழுதால் காது கேட்பதற்கு முன்னால் மார்பு கேட்டுவிடும், ஜாக்கெட் நனையும், இது யாருக்கும் சொல்லிப் புரியாது. பத்து நாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நங்கையாவின் தோளில் அந்தத் தலை திரும்பித் திரும்பித் தேடும், வாந்தி எடுப்பாள், எடுத்துவிட்டு அழுவாள், இங்கே பால் கல்லாகக் கட்டிக்கொண்டு, அவள் அங்கே, யாருன்னு கேட்டான், என்னையவே யாருன்னு. தலையை உதறினாள். திம்பா, திம்பா, இன்னைக்குத் திம்பா. தின்றுவிட்டால்? தின்று பழகி, அப்புறம் சோறு, அப்புறம் குழம்பு, அப்புறம் ராத்திரி எழுந்து இருட்டில் முட்டிக்கொண்டு தேடாமல் திரும்பிப் படுத்துவிட்டால்? அந்த எண்ணம் ஒரு முள் மாதிரி வந்து மாட்டியது, இழுத்தாள், வரவில்லை, சரி, அங்கேயே இரு என்று விட்டுவிட்டாள். அது வேறு நாளைக்கு. எல்லாக் குழந்தையும்தான் மறக்கிறது. ஆனால் தானாக மறப்பது வேறு, பஸ் ஏற்றி மறக்கடிப்பது வேறு. இதைத்தான் நங்கையாவிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல பேச்சு, இப்போது வந்தது, ஆள் எதிரில் இருக்கும்போது வராது. அடுப்பு எதிரில் வருகிறது. அவள் அடுப்பைப் பார்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நங்கையா, நீங்க தப்பா நெனைக்காதீங்க" என்றாள். அடுப்பு தப்பாக நினைக்கவில்லை. "தின்னாலும் சரி, திங்காட்டியும் சரி, பாப்புவ நான் அனுப்பல." அட. இது திட்டத்திலேயே இல்லாத பேச்சு. தின்றால்தானே, என்று இத்தனை நாள் நினைத்திருந்தது, திங்காட்டியும் என்ற வார்த்தை எங்கிருந்து வந்து விழுந்தது? திரும்பச் சொல்லிப் பார்த்தாள், மெதுவாக, வந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, சிரிப்பும் கூட வந்தது, கள்ளச்சாவி கிடைத்தவள் போல.

வாசம் வந்துவிட்டது. முதலில் கடுகு மாதிரி ஒரு காரம், அது அடங்கி, அடியிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளி மாதிரி ஒரு தித்திப்பு, அதேதான், அன்றைக்கு வந்தது இதேதான். குனிந்து எட்டிப் பார்த்தாள், கண் எரிந்தது, ஓரங்கள் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன, ஒரு துண்டு சரியாக, ஒரு துண்டு கொஞ்சம் முந்திக்கொண்டு, ஒரு முறை தட்டைத் திருப்பி வைத்தால் எல்லாம் ஒன்றாகச் சிவக்கும், ஆறவைத்து, மாதேஷின் மடியில் உட்காரவைத்து, அவன் தட்டில், அவன் தட்டில்தான் வைக்க வேண்டும், யாரும் பாப்புவைப் பார்க்கக் கூடாது, எல்லாரும் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி, நங்கையாவை எப்படி வேறு எங்கோ பார்க்க வைப்பது, அது பார்த்தால் பார்க்கட்டும், பார்த்துக்கொண்டே கேட்கட்டும், நங்கையா, தின்னாலும் சரி,

"கோகிலா! ஏ கோகிலா!"

முற்றத்திலிருந்து. நங்கையாவின் குரல்தான், ஆனால் நங்கையாவின் குரல் இப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. துடுப்பு கையிலேயே நின்றது.

"இங்க வாடி! ஓடியா! உன்ற மவளப் பாரு! ஏந்தட்டுல கையப் போட்டு ரசஞ்சோத்த அள்ளி அள்ளித் திங்கறாடி! மொளகோட! எனக்கு ஒரு வாய் வெக்கல!"

பின்னாலேயே ஜபீனா அக்கா, "சத்தம் போடாதீங்க, நிறுத்திடப் போறா!" என்றாள், அவளுடையதுதான் அதிகச் சத்தம், நடுவில் ஒரு சின்னத் தும்மல், மிளகுத் தும்மல், தும்மிவிட்டு ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பை ஆயிரத்தில் கண்டுபிடிப்பாள்.

"வர்றேன் நங்கையா!" என்று கத்தினாள் கோகிலா, கத்தினது தான்தானா என்று திரும்பிப் பார்த்தாள், ரசம், ரசஞ்சோறா, ஒரு வாரமாக டர்னிப்பு டர்னிப்பு என்று, கழுவாத தட்டு, அதே உப்பு, எந்தக் கதவு எந்தக் கதவு என்று, அடி திருட்டுச் சிறுக்கி, நங்கையா தட்டிலா, தட்டை வெளியே இழுக்க வேண்டும், இழுக்காவிட்டால் கருகும், கருகினால் கருகட்டும், இல்லை, நல்லா வந்திருக்குது, மாதேஷு திம்பான், நங்கையாவுக்கு இலையில் மடித்துப் பஸ்ஸுக்குக் கொடுத்து, தனியாத்தானே போகப் போறீங்க நங்கையா என்று நேராகவே, முகத்தைப் பார்த்தே, முதலில் ஓடிப்போய் அந்த வாயை, ரசம் வழிகிற அந்த வாயை ஒரு தடவை கண்ணாலே பார்க்கணும்.